ஒரே பெட்டிக்குள் இரண்டு நகல்

இந்த முறை அறிவியல் பகுதிக்குத் தகவலைச் சேமிப்பது, தொலைந்தால் மீட்பது பற்றி எழுதுகிறேன். எழுதக் காரணம் எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயம்.

போன வருஷம் எங்க தாத்தா இறந்துட்டாங்க. அவங்க படங்கள் எல்லாம் அண்ணன் போன்லதான் இருந்தது. அண்ணன் ரொம்ப உஷார். எல்லாப் படத்தையும் இன்னொரு நகல் எடுத்து, அதே போன்ல 'பத்திரம்' என்று பெயர் வைத்து வேறு போல்டரில் போட்டு வைத்தான். ஒரு நாள் வாய்க்காலில் குளிக்கப் போனபோது போன் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. ரிப்பேர் பார்க்கும் அண்ணன், "போர்டே போச்சு, ஒண்ணும் எடுக்க முடியாது" என்று சொல்லிட்டாங்க. இரண்டு நகலும் சேர்ந்தே போய்விட்டன. ஏன் என்று யோசித்தேன். அறிவியல் டீச்சரிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வால்யூம் என்றால் என்ன?

வங்கி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் போன்ற இடங்களில் ஒரு ஹார்ட் டிஸ்க் போதாது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பெரிய குதிர் மாதிரி ஆக்கிவிடுவார்கள். அதற்குள் தடுப்பு வைத்து, 'இது சம்பளக் கணக்குக்கு, இது நோயாளி விவரத்துக்கு' என்று பிரிப்பார்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரு வால்யூம். இடம் பற்றாவிட்டால் தடுப்பை நகர்த்தலாம். பல சர்வர்கள் தனி வலையமைப்பு வழியாக இந்தக் குதிரில் எடுத்தும் போட்டும் கொள்ளும். இதற்கு 'ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்' என்று பெயர்.

ஸ்னாப்ஷாட் எப்படி வேலை செய்கிறது?

200 பக்க மதிப்பெண் ரிஜிஸ்டர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்கு ஸ்னாப்ஷாட் எடுத்தால் 200 பக்கமும் நகல் ஆகாது. '10 மணிக்கு இப்படி இருந்தது' என்ற குறிப்பு மட்டும்தான். 11 மணிக்கு யாராவது 37-ஆம் பக்கத்தைத் திருத்தப் போனால், அதற்கு முன் பழைய 37-ஆம் பக்கம் நகலாகி ஓரமாக வைக்கப்படும். 10 மணி நிலையைப் பார்க்க வேண்டுமென்றால் 37-ஐ ஓரத்திலிருந்தும் மீதி 199 பக்கத்தை ரிஜிஸ்டரிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நொடியில் முடிகிறது, இடமும் அதிகம் பிடிப்பதில்லை. கை தவறி அழித்ததை இதை வைத்து மீட்கலாம்.

ஆனால் ரிஜிஸ்டரே தண்ணியில விழுந்தால்? ஓரத்தில் இருப்பது ஒரே ஒரு பக்கம். மற்ற 199 வேறு எங்கேயும் இல்லை! அந்த ஒரு பக்கமும் பெரும்பாலும் அதே பீரோவில்தான் இருக்கும். எங்க அண்ணன் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

உலகத்தில் நடந்தவை

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர் சர்வர் மாறிப்போய் 300 ஜிபி அளவு தகவலை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, வேறொரு சர்வரில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதுதான் காப்பாற்றியது.

தென் கொரியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 'ஜி டிரைவ்' என்ற சேமிப்பில் 858 டெராபைட் அழிந்தது. அளவு ரொம்பப் பெரிசு என்று வெளியே நகல் வைக்கவே இல்லை. 64 ஜிபி போன்கள் 13,000-க்கு மேல் நிரம்பும் அளவு அது!

நம் தமிழ்நாட்டில் அரசின் தகவல் மையம் சென்னை பெருங்குடியில் இருக்கிறது. ஆபத்துக்கால மீட்பு மையம் திருச்சியில், சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. பக்கத்துத் தெருவிலேயே வைக்கக் கூடாதா என்று நானும் நினைத்தேன். 2015 டிசம்பரில் சென்னையில் வந்த மாதிரி வெள்ளம் வந்தால் பக்கத்துத் தெருவும் சேர்ந்துதானே மூழ்கும்?

இது கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. மற்ற ஊர்களில் பிரதி இருந்த புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம். வேறு பிரதி இல்லாத ஓலைச்சுவடியை யாரிடம் போய்க் கேட்பது?

நாம் என்ன செய்யலாம்?

1. '3-2-1' விதி: மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில்.
2. நகல் எடுத்தால் போதாது. அவ்வப்போது திறந்து பார்க்கணும்.
3. மெமரி கார்டில் படம் தவறி அழிந்தால், அதில் புதுசாக எதையும் ஏற்றாதீர்கள். அழித்ததும் அந்த இடம் 'காலி' என்றுதான் குறிக்கப்படும். மேலே புதுப் படம் ஏறினால்தான் பழையது உண்மையாகவே போகும்.

எங்க அப்பத்தா அவரை விதையில் பாதியை நம்ம வீட்டுப் பானையில் சாம்பல் கலந்து வைப்பாங்க. பாதியைச் சின்னமனூரில் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்து விடுவாங்க. "ஒரு வீட்டுல எலி தின்னாலும் இன்னொரு வீட்டுல இருக்கும்ல" என்பாங்க. எந்தக் கம்ப்யூட்டரும் படிக்காமலே அப்பத்தாவுக்கு இது தெரிந்திருக்கிறது!

கடைசியில் தாத்தா படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. திருப்பூர் அத்தைக்கு அண்ணன் எப்போதோ அனுப்பியது. தாத்தா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். இப்போது அது நான்கு வீட்டில் இருக்கிறது.

சிந்தியுங்கள்: உங்க வீட்டில் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் படம் எது? இன்னைக்குச் சாயங்காலமே யாருக்காவது அனுப்பி வையுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி