டெவில்ட் எக்: பாதிச் சமையல் பானையிலேயே முடிகிறது

சமையலறை கேள்வி-பதில்

அவித்த முட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து மயோனைஸ், கடுகு, வினிகர் சேர்த்து மசித்து, மறுபடி அதே குழியில் நிரப்பி, மேலே சிவப்பாகப் பாப்ரிகா தூவினால் டெவில்ட் எக் தயார். அமெரிக்காவில் ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங், பிக்னிக் என்று எந்தக் கூட்டம் கூடினாலும் இந்தத் தட்டும் மேஜைக்கு வந்துவிடும். முட்டைக்கு வண்ணம் தீட்டும் வழக்கத்தால் ஈஸ்டருக்கு மறுநாள் வீடு வீடாக அவித்த முட்டை மீந்து கிடக்கும். அதற்கும் இதுதான் வழி. இந்த மாதம் இதைப் பற்றி வந்த கேள்விகளில் சில:

கேள்வி: முதல்முறை செய்யப் போகிறேன். வகைவகையாக எதுவும் வேண்டாம், அசல் செய்முறையும் அளவும் மட்டும் சொல்லுங்களேன்.
(வாசகி, மதுரை)

பதில்: ஆறு முட்டைக்கான அளவு இது: மயோனைஸ் 3 டேபிள்ஸ்பூன், மஸ்டர்ட் சாஸ் 1 டீஸ்பூன், வினிகர் 1 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக, மிளகுத்தூள் இரண்டு சிட்டிகை. எல்லாம் தலைதட்டிய அளவு.

முட்டையை அவித்து, ஆறவைத்து, உரித்து, நீளவாக்கில் வெட்டுங்கள். மஞ்சள் கருவை டீ வடிகட்டியிலோ மாவுச் சல்லடையிலோ வைத்துக் கரண்டியால் தேய்த்து உதிர்த்துக்கொள்ளுங்கள். உதிர்த்த பிறகுதான் மயோனைஸைச் சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்துவிட்டால் கட்டி கட்டியாக நின்றுவிடும். மயோனைஸையும் ஒரேயடியாகக் கொட்டாமல் ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்துப் பதம் பாருங்கள். கரண்டியைச் சாய்த்தால் கலவை வழியக் கூடாது, உதறினால் விழ வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மஞ்சள் கருவில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு; மயோனைஸில் பெரும்பகுதி எண்ணெய். கொழுப்போடு கொழுப்பு சேர்ந்தால் இரண்டாவது துண்டிலேயே திகட்டும். அதை வெட்டுவது வினிகரின் புளிப்பும் கடுகின் காரமும்தான். அதனால் தனியாக ருசி பார்க்கும்போது கலவை ஒரு சுற்று தூக்கலாக இருக்கட்டும். சப்பென்றிருக்கும் வெள்ளைக்கருவோடு சேர்ந்து, ஃப்ரிட்ஜில் குளிர்ந்தும் போனால் சரியாக இறங்கிவிடும். வெள்ளைக்கருக் குழிகளிலும் நிரப்புவதற்கு முன் துளி உப்புத் தூவுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்களுக்குப் பண்ணையிலிருந்து அன்றன்றைக்கே முட்டை வந்துவிடும். ஆனால் அவித்து உரித்தால் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்ந்து வருகிறது. இத்தனை புது முட்டைக்கு ஏன் இப்படி?
(வாசகர், நாமக்கல்)

பதில்: புது முட்டை என்பதால்தான்! ஊரே பொறாமைப்படும் முட்டை உங்களுக்குக் கிடைக்கிறது. ஆம்லெட்டுக்கும் ஆஃப்பாயிலுக்கும் அதை மிஞ்ச முடியாது. உரிக்க மட்டும் அது ஒத்துழைக்காது.

கோழி இட்டவுடன் வெள்ளைக்கருவில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அப்போது அதன் பி.எச். அளவு 8க்குள் இருக்கும். அந்த நிலையில் வெந்தால் வெள்ளைக்கரு ஓட்டின் உட்சவ்வை இறுகப் பிடித்துக்கொள்ளும். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியாக அந்த வாயு வெளியேறி, பி.எச். 9ஐத் தாண்டும், பிடியும் தளரும். எனவே இதற்கென்று ஒரு தட்டு முட்டையை ஒரு வாரம், பத்து நாள் ஃப்ரிட்ஜில் ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவது, பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பேற்றாதீர்கள். மெல்லச் சூடேறும்போது வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ள நேரம் கிடைத்துவிடுகிறது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு முட்டையைக் கரண்டியில் வைத்து மெதுவாக இறக்குங்கள். அதைவிட நல்லது ஆவி. அமெரிக்கச் சமையல்காரர்கள் இதற்கென்று ஸ்டீமர் வாங்குகிறார்கள். நம்மிடம் இட்லிப் பானை இருக்கிறது. ஆவி வந்த பிறகு முட்டைகளைக் குழித்தட்டில் படுக்கவைத்து மூடி, 12 நிமிடம் விட்டால் போதும். தண்ணீரில் முட்டி மோதி விரிசல் விடும் பிரச்சினையும் இல்லை.

உரிக்கும்போது காற்றறை இருக்கும் அகலமான முனையில் தட்டி, குழாய்த் தண்ணீருக்கடியில் உரியுங்கள்.

கேள்வி: மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம் வருகிறது. முட்டை கெட்டுவிட்டதா?
(வாசகி, கோவை)

பதில்: கெடவில்லை, அளவுக்கு மேல் வெந்துவிட்டது. வெள்ளைக்கரு அதிகம் சூடானால் அதிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகப் பிரியும். அது மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாக விளிம்பில் படியும். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் மசித்த கலவை மங்கிப்போகும், கந்தக வாடையும் அடிக்கும். மயோனைஸ் இதை மறைக்காது.

மஞ்சள் கரு சுமார் 70 டிகிரி செல்சியஸில் கெட்டியாகிவிடும். அதற்கு மேல் சூடு தேவையில்லை. கொதிநீரில் போட்டால் 11 அல்லது 12 நிமிடம், அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு அதே சுடுதண்ணீரில் விட்டுவைத்தால் முட்டை உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும். ஐஸ் கட்டி போட்ட தண்ணீரை முன்கூட்டியே தயாராக வைத்து, எடுத்த கையோடு அதில் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். வளையமும் வராது, உரிப்பதும் சுலபம்.

கேள்வி: வெட்டிப் பார்த்தால் மஞ்சள் கரு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது. ஓரம் கண்ணாடித் தாள் போல மெலிந்து, நிரப்பும்போது கிழிந்துவிடுகிறது.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: மேலே நாமக்கல் வாசகருக்குச் சொன்ன தீர்வின் மறுபக்கம் இது. நாள்பட்ட முட்டையில் வெள்ளைக்கரு நீர்த்துப்போகும். மஞ்சள் கருவை நடுவில் கட்டிவைத்திருக்கும் முறுக்கிய வெள்ளை இழைகளும் தளரும். மஞ்சள் கரு மேல்நோக்கி மிதந்து ஒதுங்கிவிடும். ஆகவே முட்டை உரிபடும் அளவுக்குப் பழசாக வேண்டும், மாதக்கணக்கில் பழசாகக் கூடாது.

அவிப்பதற்கு முந்தின இரவு முட்டைகளைப் படுத்தவாக்கில் வையுங்கள். கொதிநீரில் போடுவதாக இருந்தால் முதல் மூன்று, நான்கு நிமிடம் கரண்டியால் மெல்லச் சுழற்றிக்கொண்டிருங்கள். வெள்ளைக்கரு இறுகும்வரை மஞ்சள் கரு ஒரே இடத்தில் தங்காது. வெட்டும் கத்தி மெலிதாக இருக்கட்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் கிழிந்தால் வருத்தப்பட வேண்டாம். அந்தப் பாதியைப் பொடியாக நறுக்கிக் கலவையிலேயே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் மயோனைஸுக்குத் தடை என்றார்களே, பிறகு எப்படிச் செய்வது?
(வாசகர், சென்னை)

பதில்: தடை எல்லா மயோனைஸுக்கும் அல்ல. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும், சேமிக்கவும், விற்கவும்தான் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. 2024 அக்டோபர் இறுதியில் தெலங்கானாவும் இதே முடிவை எடுத்திருந்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் வேகாத முட்டையில் பெருகும் அபாயம்தான் காரணம். வீட்டிலும் மிக்ஸியில் பச்சை முட்டையை அடித்து மயோனைஸ் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முட்டையைக் கவனமாக வேகவைத்துவிட்டு, வேகாத முட்டையை அதன் தலையில் ஊற்றுவானேன்?

கடைகளில் முட்டை சேராத மயோனைஸ் தாராளமாகக் கிடைக்கிறது. அது பெரும்பாலும் இனிப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். எனவே 2 டேபிள்ஸ்பூனில் தொடங்குங்கள், வினிகரை ஒன்றரை டீஸ்பூனாக்குங்கள். அதுவும் வேண்டாமென்றால், துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த தயிர் 2 டேபிள்ஸ்பூன், இளகிய வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன் சேர்த்து மசியுங்கள். தயிரே புளிப்பு என்பதால் வினிகரைப் பாதியாக்கலாம். வெண்ணெய் ஒன்றும் புதுமை அல்ல. பாட்டில் மயோனைஸ் வருவதற்கு முன் அமெரிக்க வீடுகளிலும் வெண்ணெயில் மசித்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் வெண்ணெய் இறுகும், பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மஸ்டர்ட் சாஸுக்குப் பதிலாகக் கடுகைத் தாளித்துக் கொட்டலாமா? பாப்ரிகாவும் எங்கள் ஊர்க் கடையில் இல்லை.
(வாசகி, திருச்சி)

பதில்: தாளித்தால் மணம் வரும், மூக்கில் ஏறும் காரம் வராது. கடுகை அரைத்து அதில் தண்ணீர் படும்போதுதான் ஒரு நொதி வேலை செய்து அந்தக் காரத்தை உண்டாக்குகிறது. சூடான எண்ணெயில் அந்த நொதி அழிந்துவிடும்.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு டேபிள்ஸ்பூன் மஞ்சள் கடுகை நைசாகப் பொடித்து, அதே அளவு குளிர்ந்த தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். காரம் ஏறிய பிறகு ஒரு டீஸ்பூன் வினிகர், சிட்டிகை உப்பு சேருங்கள். வினிகரை முதலிலேயே ஊற்றினால் காரம் எழாது. துளி மஞ்சள்தூளும் போடலாம். அமெரிக்க மஸ்டர்ட் சாஸின் பளிச்சென்ற நிறமும் மஞ்சள்தூளால் வருவதுதான். முதலில் சற்றுக் கசக்கும், ஒரு இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் கசப்பு இறங்கும். கறுப்புக் கடுகு மட்டும்தான் இருக்கிறது என்றால் பாதி அளவு போதும், அது இன்னும் முரடு.

பாப்ரிகா என்பது காரம் குறைந்த சிவப்பு மிளகாயின் பொடி. காஷ்மீரி மிளகாய்த்தூள் அந்த இடத்தைச் சரியாக நிரப்பும். குழம்புக்குப் போடும் மிளகாய்த்தூளைத் தூவிவிடாதீர்கள்.

கேள்வி: இது அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இன்றைய வடிவம் அவர்களுடையது, வேர் மிகப் பழையது. அபிசியஸ் என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் தொகுப்பில், இளசாக அவித்த முட்டைக்கு மிளகு, ஊறவைத்த பைன் பருப்பு, தேன், வினிகர், மீன் சாறு கலந்த ஒரு சாஸ் இருக்கிறது. அந்த மிளகு ரோமாபுரிக்குப் போனது சேர நாட்டு முசிறி போன்ற மேற்குக் கரைத் துறைமுகங்களிலிருந்துதான்.

மஞ்சள் கருவை எடுத்து மசாலா சேர்த்துத் திரும்ப நிரப்பும் முறை, 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தலூசியாவில் எழுதப்பட்ட சமையல் நூலில் வருகிறது. அதில் கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு எல்லாம் உண்டு. நம் நாக்குக்குப் பக்கத்தில் வரும் சுவை.

மயோனைஸ் பிறகு வந்தது. பாஸ்டன் குக்கிங் ஸ்கூல் குக் புக் என்ற நூலை 1896இல் வெளியிட்ட ஃபேனி ஃபார்மர், நிரப்பிய முட்டைக்கு மயோனைஸைப் பரிந்துரைத்த முன்னோடிகளில் ஒருவர். ‘ஒரு கை’, ‘கொஞ்சம்’ என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் தலைதட்டிய ஸ்பூன் கணக்கைப் பரப்பியவரும் அவர்தான். 20ஆம் நூற்றாண்டில் பாட்டில் மயோனைஸ் கடைக்குக் கடை வந்ததும், இது எல்லா வீட்டுக்கும் உரியதாகிவிட்டது.

கேள்வி: ஆபீஸ் பாட்லக்குக்கு நாற்பது துண்டு கொண்டுபோக வேண்டும். காரில் அரை மணி நேரப் பயணம். சரியாமல் எப்படிக் கொண்டுபோவது?
(வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: நிரப்பாமல் கொண்டுபோங்கள். முந்தின நாளே அவித்து வெட்டி, வெள்ளைக்கருக்களை மூடிய டப்பாவிலும் கலவையை ஜிப் கவரிலும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஐஸ் பேக்கோடு எடுத்துச் சென்று, அங்கே கவரின் ஒரு மூலையைக் கத்தரித்துப் பிதுக்கினால் ஐந்து நிமிட வேலை. பாப்ரிகாவைப் பரிமாறும்போது தூவுங்கள். முன்பே தூவினால் ஈரத்தில் கரைந்து செந்நீராக வழியும். உங்கள் ஊரில் குழி வைத்த முட்டைத் தட்டுகள் கிடைக்கும். இல்லையென்றால் பொடியாக நறுக்கிய லெட்யூஸைப் பரப்பி அதன்மேல் அடுக்குங்கள், வழுக்காது.

அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, இதை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் வாசகர்கள் வருஷத்தில் பாதி நாளுக்கு இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பியதை ஃப்ரிட்ஜிலும் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

கேள்வி: இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் சேர்க்கலாமா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: தாராளமாக. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இனிப்பு ஊறுகாய் சேர்க்கிறார்கள், ஸ்வீடனில் மேலே மீன் முட்டை வைக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் ஏன் தடை? பிதுக்கும் துளை அடைபடாத அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். வெங்காயம் தண்ணீர் விடும், கடைசி நிமிடத்தில் சேருங்கள். ஆனால் ஒருமுறையாவது எதுவும் சேர்க்காமல் செய்து பாருங்கள். எதைச் சேர்க்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: திடீரென்று விருந்தாளிகள் வந்தால் இத்தனையையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? எதையெல்லாம் விட்டுவிடலாம்?
(வாசகி, வேலூர்)

பதில்: சல்லடை வேண்டாம், முள்கரண்டியால் நசுக்குங்கள். ஜிப் கவர் வேண்டாம், டீஸ்பூனால் அள்ளி வையுங்கள். பாப்ரிகா இல்லையென்றால் மிளகுத்தூள். மஞ்சள் கரு ஓரத்தில் ஒதுங்கியிருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஐஸ் தண்ணீரையும் வினிகரையும் மட்டும் விடாதீர்கள். முதலாவது இல்லாவிட்டால் முட்டை உரிபடாது, இரண்டாவது இல்லாவிட்டால் விருந்தாளி இரண்டாவது துண்டை எடுக்க மாட்டார். ஆளுக்கு மூன்று துண்டு என்று கணக்கு வைத்தால் நான்கு பேருக்கு ஆறு முட்டை போதும்.