வெண்பனியும் பனிச்சரிவும்

நுழையும்முன்

பனி என்னும் சொல் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையும் குறிக்கும். இமயத்தின் முகடுகளைப் போர்த்திய வெண்பரப்பையும் குறிக்கும். முன்னது கதிரவன் எழுந்ததும் மறையும். பின்னது மாதக்கணக்கில் தங்கி, அடுக்கடுக்காய் வளர்ந்து, சில வேளைகளில் ஊரையே புதைக்கும். அதன் இயல்பை அறிவோம்.

அடுக்குகளின் வரலாறு

மலைச்சரிவில் படியும் பனி ஒரே சீரான பொருளன்று. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகிறது. பகலில் சற்றே உருகி இரவில் உறைந்த அடுக்கு கண்ணாடிபோல் இறுகும். காற்று குவித்த அடுக்கு பலகைபோல் கெட்டிப்படும். மேகமற்ற இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற மெல்லிய படிகங்கள் முளைக்கும். அடுத்த பனிப்பொழிவு அவற்றை மூடிவிட்டாலும் அவை உடனே அழிவதில்லை. வலுவற்ற அடுக்காக உள்ளேயே தங்கிவிடும்.

அடிப்பகுதியிலும் மாற்றம் நிகழ்கிறது. நிலத்தையொட்டிய பனியின் வெப்பநிலை பெரும்பாலும் 0° செல்சியஸை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ கடுங்குளிரில் உறைந்திருக்கும். பனியின் ஆழம் குறைவாக இருந்தால் இவ்வேறுபாடு குறுகிய தொலைவிலேயே அமைந்துவிடுகிறது. அப்போது நீராவி கீழிருந்து மேல்நோக்கி நகர்ந்து, சர்க்கரைப் பரல்களைப்போல் ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களை உருவாக்குகிறது. எனவே, பனி குறைவு என்பதால் இடர் குறைவு என்று கருதுதல் பிழையாகும்.

பாளம் பெயர்தல்

மேலே கெட்டியான பாளம், அதன்கீழ் வலுவற்ற அடுக்கு, ஏறத்தாழ 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த நிலம் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் ஒரு மனிதரின் எடையே பாளத்தைப் பெயர்க்கப் போதுமானது. மலையேறுவோரும் பனிச்சறுக்கு வீரர்களும் சிக்கும் விபத்துகள் பெரும்பாலானவற்றில், சரிவைத் தூண்டியவர் புதையுண்டவரோ அவருடன் சென்றவரோதாம். மலை தானே சினந்து எழுவதில்லை. அறியாது வைத்த காலடியே அதனை எழுப்புகிறது.

மலை முன்னறிவிப்பும் தருகிறது. அருகிலுள்ள சரிவுகளில் அண்மையில் பனி சரிந்த தடம், காலடியில் எழும் மந்தமான அமுங்கல் ஒலி, பனியில் ஓடும் விரிசல், பெருமழைபோல் கொட்டிய புதுப்பனி, திடீரென ஏறும் வெப்பம் ஆகியவை அவ்வறிகுறிகள். அவற்றைக் கண்டதும் திரும்புவது கோழைமையன்று, அறிவுடைமை.

காலத்தோடு போட்டி

புதையுண்டவரை ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் மீட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் மூச்சுக்காற்றின்றி அவ்வாய்ப்பு விரைந்து சரியும். தொலைவிலிருந்து மீட்புக் குழு வருவதற்குள் அந்நேரம் கடந்துவிடும். ஆதலால் உடன் சென்றவரே மீட்பர். இருப்பிடத்தைக் காட்டும் அலைபரப்பி, ஆழம் பார்க்கும் நீள்கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் சுமந்து செல்ல வேண்டும். அவற்றைக் கையாளவும் பழகியிருக்க வேண்டும்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்திலிருந்த காவல்நிலையின்மீது பெரும் பனித்திரள் சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் வீரர்கள் பதின்மர் புதையுண்டனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறு நாள்களுக்குப்பின் ஹனுமந்தப்பா என்னும் கர்நாடக வீரர் உயிருடன் மீட்கப்பட்டார். எனினும் பிப்ரவரி 11 அன்று அவரும் உயிர்நீத்தார். உயிர் எவ்வளவு நேரம் போராடும் என்பதற்கு அவர் சான்று; மற்ற ஒன்பதின்மர், பனி எவ்வளவு விரைவில் வெல்லும் என்பதற்குச் சான்று.

தெரியுமா?

பனிச்சரிவு இடரை ஐந்து நிலைகளாகப் பகுத்து அறிவிக்கும் முறை ஐரோப்பாவில் 1993 முதல் வழக்கில் உள்ளது. அங்கு உயிரிழப்புகள் மிகுதியாக நிகழ்வது ஐந்தாம் நிலையிலன்று, மூன்றாம் நிலையிலேயே. ஐந்தாம் நிலையில் அஞ்சி வீட்டிலிருப்போர், மூன்றாம் நிலையில் துணிந்து மலைக்குச் செல்கின்றனர்.