காத்திருந்த வாய்ப்பு

மும்பையில் தமிழர் பலர் வாழும் மாட்டுங்காவில் உள்ள டான் போஸ்கோ பள்ளியில் பயின்றவர் ஷ்ரேயஸ் ஐயர். அவர் பிரவீன் ஆம்ரேயிடம் கிரிக்கெட் பயிற்சி பெற்றார். 2014இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடினார். 2015–16 ரஞ்சிப் போட்டிகளில் 1,321 ஓட்டங்கள் குவித்தார். கோப்பையை மும்பை வென்றது.

2017இல் இந்திய ஒருநாள் அணியில் இடம்பெற்றார். டெஸ்ட் ஆட்டத்திற்கோ மேலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 2021 மார்ச்சில் தோளில் காயமுற்று, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அவ்வாண்டு நவம்பரில் கான்பூரில் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டில் 105, 65 ஓட்டங்கள் எடுத்தார். முதல் டெஸ்டிலேயே சதமும் அரைச்சதமும் அடித்த முதல் இந்தியர் அவரே. ஆசிரியர் ஆம்ரேயும் 1992இல் தம் முதல் டெஸ்டில் சதம் அடித்தவர்.

வாய்ப்பு தாமதமாகலாம், அதுவரை தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்வதே வீரரின் கடமை.

வினாக்கள்
1. ஷ்ரேயஸின் டெஸ்ட் வாய்ப்பு எப்போது, எங்கே கிடைத்தது?
2. பிரித்தெழுதுக: அவ்வாண்டு.