எண்ணெய்ச் சட்டி ஏறாத தீபாவளி

திருமங்கலம்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. "இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை பெரியம்மா, கதவைச் சாத்திக்கிட்டு இருந்துடுவோம்" என்று நீ போனில் சொன்னாய். பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

தீபாவளி இல்லை என்பது சரிதான். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. ஆனால் அந்த வழக்கத்தில் பாதியைத்தான் நீ பிடித்துக்கொண்டிருக்கிறாய். சட்டி ஏறாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தாரும் மாமன் வீட்டாரும் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊரெல்லாம் தின்னும்போது துக்க வீட்டுப் பிள்ளைகள் வாய் பார்த்து நிற்கக் கூடாது என்பதற்காக. கதவைச் சாத்திவிட்டால் அவர்கள் எப்படி வருவார்கள்?

நான் சாத்தியவள். உன் பெரியப்பா இறந்த வருஷம் அண்ணனுக்குப் பத்து வயது. தீபாவளியன்று எதிர்வீட்டு அக்கா தூக்குவாளியில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து தட்டினார். நான் திறக்கவில்லை. திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் தனக்குப் பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள் சொன்னான்: "அந்த வாளியை ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருந்தேம்மா. அப்பா பேச்சை எடுத்தா நீ அழுவேன்னு அதுக்கப்புறம் நான் எடுக்கவே இல்ல." அத்தனை வருஷம் அந்தப் பிள்ளை வாயைக் கட்டிப்போட்டவள் நான்தான். உன் தம்பிக்கு இப்போது பதினொன்று. அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் சொன்னாய். புரட்டாசி அமாவாசைக்கு அப்பாவும் தம்பியும் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தார்கள், எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லையே என்று. இருக்கிறது. படையல் உன் கையில்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா படத்துக்கு முன்னால் இலை போடு. வடை பாயசம் வேண்டாம். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வை, கத்திரிக்காய் போட்டு, அவள் வைக்கிற மாதிரி புளி கொஞ்சம் தூக்கலாக. அதற்காகவே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வாள். படையலுக்குக் கருவாடா என்று யாராவது கேட்டால் பெரியம்மா சொன்னாள் என்று சொல். பச்சை நிறத்தில் ஒரு நூல் சேலை எடுத்து இலையருகே வை. சூடம் காட்டிய பிறகு அதை பீரோவில் பூட்டாதே, நீயே உடுத்திக்கொள். காக்காவுக்குச் சோறு வைக்கிற வேலையைத் தம்பிக்குக் கொடு. பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அம்மா பேச்சு வந்தால் வரட்டும். அப்பா அழுதால் அழட்டும், பேச்சை மாற்றாதே.

வள்ளுவர் 43ஆம் குறளில் வீட்டில் இருப்பவன் பேண வேண்டிய ஐந்து பேரைச் சொல்கிறார். தென்புலத்தாரைச் சொல்லிவிட்டுத்தான் தெய்வத்தையே சொல்கிறார். அந்த வரிசையில் கடைசியாக நிற்பது யார் தெரியுமா? தான். நீயும் உண்டு அதில். ஆடியிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அப்பா சொன்னார்.

உங்கள் மாடிவீட்டு டீச்சரம்மா நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவர் வீட்டுக்காரர் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாராமே. ஒரு தடவை அவரோடு போய்வா. ஆளை இழந்தவர்கள் பேசினால் உனக்குக் கேட்கும்.

அதிரசம் நான் இங்கேயே சுட்டு எடுத்துவருகிறேன். மாவு பிசைந்து மூன்று நாளாகிறது. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும்போது உன் அம்மா ஞாபகம்தான். அந்தப் பதம் எனக்கு எப்போதும் ஒன்று முந்தும், இல்லை பிந்தும். அவளுக்குத் தப்பாது. அடுத்த வருஷம் உன் வீட்டில் சட்டி ஏறும்போது பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறேன்.

முந்தின நாள் மத்தியான பஸ்ஸில் வருகிறேன். தம்பியை ஸ்டாண்டுக்கு அனுப்பு, தூக்குவாளி கனமாக இருக்கும்.

உன்
பெரியம்மா