எறும்புப் புற்றில் ஒரு புதிய உயிரினம்: பெயர் வைக்க விரும்புவோருக்கு

ஓமந்தூர்ப் பக்கம் மல்லாட்டைக் கொல்லை வரப்பில் கட்டெறும்புப் புற்றைக் கிளறிப் பாருங்கள். எறும்பின் தலைக்கடியிலோ காலிடுக்கிலோ பழுப்புப் புள்ளி ஒன்று ஒட்டியிருக்கலாம். லென்ஸில் எட்டுக் கால் தெரிந்தால் அது சிற்றுண்ணியாக இருக்கக்கூடும். விலங்கியலோ வேளாண் பூச்சியியலோ படிக்கும் பிள்ளைகள் இந்த வேலையைத் தொடங்கப் பெரிய காடு தேவையில்லை.

உண்ணியை மட்டும் பிரித்தெடுக்காதீர்கள். ஒரு குப்பிக்கு ஓர் எறும்பு, அதனுடன் அதன் உண்ணி, 80 சதவீத எத்தனால். ஆல்கஹாலில் விழுந்ததும் உண்ணி பிடியை விட்டுவிடலாம். ஆகவே அது எந்த உறுப்பில் இருந்தது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஊர், தேதி, புற்றின் இடம் எல்லாம் பென்சிலால் எழுதிய சீட்டில் குப்பிக்குள்ளேயே இருக்கட்டும். சாதாரணப் பேனா மை கரைந்துவிடும்.

எந்த உறுப்பில் இருந்தது என்ற குறிப்புதான் பாதி ஆராய்ச்சி. மாக்ரோகீலஸ் ரெட்டன்மேயரி என்ற உண்ணி அமெரிக்க வெப்பமண்டலப் படையெறும்பின் பாதத்தில் ஒட்டி வாழ்கிறது. எறும்புகள் ஒன்றையொன்று பற்றித் தொங்கும்போது, உண்ணியின் பின்னங்கால்களே எறும்புக்கு நகமாகின்றன. ஆய்வாளர் கார்ல் ரெட்டன்மேயர் உயிருள்ள எறும்புகளை உட்கார்ந்து கவனித்ததால்தான் இது தெரிந்தது. 1962-இல் அந்த உண்ணிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

ஆய்வகத்தில் லாக்டிக் அமிலத்தில் உடலைத் தெளிவாக்கி, ஹோயர் கலவையில் ஸ்லைடு செய்து, மயிர்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் வரைந்து, மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இதெல்லாம் பழகினால் வந்துவிடும். புதியதுதான் என்று நிறுவுவதுதான் கடினம். பழைய ஜெர்மன், இத்தாலிய விவரிப்புகள் வரை தேடிப் படிக்காமல் அவசரப்பட்டுப் பெயர் வைப்பது அடுத்து வருபவருக்குச் செய்யும் கெடுதல்.

விலங்குப் பெயரிடல் விதிகளின்படி 2000 முதல், பெயருக்கு அடிப்படையான மூலமாதிரியைக் குறிப்பிட்டு அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று எழுதாத புதிய இனப்பெயர் செல்லாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனத்தைத் தெரிவித்து மாதிரியை அதற்கான காப்பகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். விலங்குகளுக்கு அது இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம். அதன் தென்மண்டல மையம் சென்னையிலேயே உள்ளது. படிக்க இடமும் பக்கத்தில் உண்டு: செடிகளில் வாழும் ஈரியோபைட் உண்ணிகள் பலவற்றை எம். மோகனசுந்தரம் விவரித்தது கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்துதான். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகமும் உண்ணியியலுக்குப் பேர்போனது.

உண்ணியியலுக்கென்றே வேலை விளம்பரம் வருவது அரிது. பூச்சியியல் பணியிடங்களுக்குத்தான் போட்டியிட வேண்டும். ஆனால் 1998-இல் கேரளத்தில் தென்னையைத் தாக்கிய ஈரியோபைட் உண்ணி போல ஒன்று திரும்ப வந்தால், அதை இன்னதென்று சொல்ல இந்தப் படிப்புள்ளவர்தான் வேண்டும்.

எறும்பை அடையாளம் காட்ட ஒருவர், உண்ணிக்கு ஒருவர் என இரண்டு வல்லுநர்களுக்கு இப்போதே கடிதம் எழுதிச் சம்மதம் வாங்குங்கள். மண்வெட்டியை அதன் பிறகு எடுக்கலாம்.