ஆகாயப் படை மார்ஷல் அர்ஜன் சிங்

இந்திய ஆகாயப் படையில் ‘மார்ஷல்’ என்னும் உச்சப் பதவியைப் பெற்றவர் ஒருவரே. அவரே அர்ஜன் சிங்.

இன்று பாகிஸ்தானில் உள்ள லாயல்பூரில் 1919-ஆம் ஆண்டு பிறந்த அவர், பத்தொன்பதாம் வயதிலேயே இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் விமானப் பயிற்சிக்குத் தேர்வானார். 1944-இல் இம்பாலில் ஜப்பானியரை எதிர்த்து ஒரு விமானப் பிரிவை நடத்தி வீரப்பதக்கம் பெற்றார். 1964-இல் ஆகாயப் படைத் தளபதியானபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தே! மறு ஆண்டே பாகிஸ்தானுடன் போர் மூண்டது. படையை அவரே வழிநடத்தினார். 1969-இல் ஓய்வு பெற்ற அவருக்கு 2002-இல் மார்ஷல் பதவி வழங்கப்பட்டது. அப்பதவிக்கு ஓய்வு என்பதே இல்லை.

அதே 2002-இல் குடியரசுத் தலைவராகி, முப்படைகளுக்கும் தலைமை ஏற்றவர் நம் அப்துல் கலாம். இராமேஸ்வரத்தில் பிறந்த கலாம், இளமையில் விமானியாக விரும்பி ஆகாயப் படைத் தேர்வுக்குச் சென்றார். இருபத்தைந்து பேரில் எண்மரையே எடுத்தனர். அவர் ஒன்பதாவதாக வந்தார். ஓரிடத்தில் வாய்ப்பிழந்து கலங்கும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாமும் ஆண்டுதோறும் காண்கிறோம் அல்லவா?

2015 ஜூலையில் கலாம் மறைந்தார். அவரது உடல் டில்லி பாலம் விமான நிலையத்திற்கு வந்தது. தொண்ணூற்றாறு வயது மார்ஷல் சக்கர நாற்காலியில் அங்கு வந்திருந்தார். உடலின் முன்னே அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்; கையை உயர்த்திப் படை வணக்கம் செலுத்தினார்.