சாயத்தண்ணியும் இரும்புக் குளிசையும்

கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயங்களில் விடியுமுன்பே அடுப்பு மூட்டிவிடுவார்கள். மலைக்குப் போகிற அவசரத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி இரும்புக் குளிசையை வாயில் போட்டு, சுடச்சுடச் சாயத்தண்ணியால் விழுங்குகிறாள். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அடுத்த கிளினிக்கில் பார்த்தால் ஹீமோகுளோபின் அசையவே இல்லை. "இந்தக் குளிசையில ஒண்ணுமில்ல" என்கிறார் மாமியார்.

குளிசையில் குறையில்லை, விழுங்கிய விதத்தில்தான் குறை. தேயிலையில் உள்ள டனின் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தில் சேரவேண்டியது மலத்தோடு போய்விடுகிறது. தெல்தோட்டைக்குப் பக்கத்து லூல்கந்துரவில்தான் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலைத் தோட்டம் போட்டார். அந்த மலையில் போய் சாயத்தண்ணியை விடு என்று யாரிடம் சொல்வது? விட வேண்டாம். குளிசைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். கிளினிக்கில் தருகிற விட்டமின் சி குளிசையை இரும்போடு சேர்த்துப் போடலாம்; கல்சியத்தை மட்டும் வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

"குளிசை குடிச்சா பிள்ளை கறுத்துப் பிறக்கும்" என்ற பேச்சுக்குப் பயந்து, பக்கெட்டை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கறுப்பது மலம் மட்டுமே. உடம்பில் சேராமல் மிஞ்சிய இரும்பின் நிறம் அது. பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழியாக வருவது. கறுத்துப் பிறந்தால்தான் என்ன குறை? இதைக் கேட்காமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

சிவப்பாக இருப்பதால் பீட்ரூட் இரத்தம் ஊறவைக்கும் என்கிறார்கள். 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஒரு குளிசையிலோ ஏறக்குறைய 60 மில்லிகிராம். நெத்தலிக் கருவாடும் பயறும், தேசிக்காய்ப் புளி விட்ட முருங்கையிலைச் சுண்டலும் நல்ல சாப்பாடுதான், கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கிய பிறகு சாப்பாட்டால் மட்டும் அதை ஏற்றிவிட முடியாது. இரத்தம் குறைந்த உடம்பு பிரசவத்தில் போகிற இரத்தத்தைத் தாங்காது. பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கலாம்.

ஒழுங்காகக் குடித்தும் ஏறவில்லை என்றால் நீங்களாகவே இரண்டு குளிசையாக்க வேண்டாம். குடற்புழுவோ தலசீமியாக் கூறோ காரணமாக இருக்கலாம். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். குளிசையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு, நரம்பு வழியாக இரும்பு ஏற்றவும் ஆஸ்பத்திரியில் வழி உண்டு.

காலையில் குடித்தால் வயிற்றைப் புரட்டுகிறதா? படுக்கப் போகும்போது தண்ணீரில் விழுங்குங்கள். விடிகாலைச் சாயத்தண்ணிக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழு இரவு கிடைக்கும்.